பம்பின் அடிப்பக்கம் சுட்டது

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொந்தில் கையை விட்டேன். பம்பு சுட்டது.

கையைச் சட்டென்று எடுக்கவைக்கும் சூடு இல்லை. காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கும் ஆளின் கழுத்தில் கை வைத்தால் இருக்குமே, அந்தச் சூடு. எங்கேயோ போய்விட்டு வந்து, எங்கேயும் போகாதவன்போல மூலையில் நிற்கும் சூடு.

மறுநாள் வகுப்புக்கு எனக்கு அந்தப் பம்பு வேண்டும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வெப்ப இயக்கவியலின் முதல் விதி நடத்தும் நாளில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் அந்தச் சைக்கிள் பம்பை மடியில் வைத்துக்கொண்டு போவது என் வழக்கம். "இன்னா டீச்சர், ஸ்கூல்ல பஞ்சர் கடை போட்டுட்டீங்களா?" என்று பஸ்ஸில் யாராவது கேட்பார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நிற்கும்போது அந்தக் கேள்விக்கு ஒரு சிரிப்பு எழும். பழகிவிட்டது. அன்று பள்ளி அரைநாளோடு விட்டுவிட்டார்கள். வழக்கத்துக்கு முன்பே வீடு வந்தவள், கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் படிக்குக் கீழே குனிந்தேன். அப்போதுதான் சுட்டது.

வீட்டில் இருந்தது ஒரே ஆள். என் வீட்டுக்காரர்.

அவர் பஸ் கண்டக்டர். விழுப்புரம் திண்டிவனம் ரூட்டில் அவர் விசில் ஊதி நான் ஏறி, இறங்கி, பிறகு ஒருநாள் இறங்காமலே போனதுதான் எங்கள் கல்யாணம். பங்குனி வெயில் தொடங்கும் முன்பு அவருக்கு நெஞ்சில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். எடை தூக்கக் கூடாது, மூச்சு முட்டும் வேலை எதுவும் கூடாது, மெதுவாக நடக்கலாம் என்றார் டாக்டர். கதவு வரைக்கும் போய்விட்ட எங்களைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். மறுபடி நெஞ்சு இறுக்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, உடனே வந்துவிட வேண்டும்.

அவருக்கு வேறொரு கவலை. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் மறுபடி ரூட்டில் விடுவார்கள். தேறாவிட்டால் டிப்போவுக்குள் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுவார்கள். "நாற்காலியில குந்திக்கினு விசில் ஊத முடியுமா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

எதையுமே நம்பவில்லை என்பதுதான் சரி. பைக் சாவி என் கைப்பையில் இருக்கும். மாலையில் வந்ததும் டிவியின் முதுகைத் தொடுவேன். சுட்டால் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார், ஆறியிருந்தால் எங்கேயோ போயிருக்கிறார். மிக்சியைத் தொடுவேன். மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரைத் தொடுவேன். என் உள்ளங்கைக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு பகல் போக முடியாது என்று இருந்தேன்.

"இன்னா, செக்கிங் ஆரம்பிச்சாச்சா?" கூடத்திலிருந்து குரல் வந்தது.

"பம்பு ஏங்க சுடுது?"

"எந்தப் பம்பு?"

"இந்த வீட்டுல எத்தினி பம்பு இருக்குது?"

"வெயில் டீச்சரு. மேக்கால ஜன்னல்ல பூந்து நேரா அங்கதான் வந்து குந்துது. பம்பு இன்னா பண்ணும் பாவம்."

அவர் சொன்னது பொய் என்று சொல்லவும் முடியாது. படிக்குக் கீழே ஒரு சின்னக் கம்பி ஜன்னல் உண்டு. பிற்பகலில் அதன் வழியாக ஒரு முழம் வெயில் உள்ளே விழும். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் தெருப்பக்க ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். டிக்கெட் எடுக்காதவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். "எடுத்தவன் உன் மூஞ்சியப் பாப்பான். எடுக்காதவன் ஜன்னலப் பாப்பான். பச்சப் பசேல்னு வயலு இருக்கிற மாதிரி பாப்பான், வெளிய பாத்தா டோல்கேட்டா இருக்கும்."

எங்கள் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர் இருந்தது.

மறுநாள் திண்டிவனத்தில், முப்பது நாற்பது கண்களுக்கு முன்னால், பம்பின் குழாய் முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினேன். அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். பிறகு பெஞ்சு பெஞ்சாகப் பம்பை அனுப்பினேன்.

"யாராச்சும் இதுக்கு நெருப்பு காட்டினமா?"

"இல்ல மிஸ்."

"அப்புறம் எப்படிச் சூடாச்சு?"

"நீங்க அழுத்தினீங்க மிஸ்."

அவ்வளவுதான் முதல் விதி. பலகையில் எழுதினேன்: அக ஆற்றலின் மாற்றம் என்பது, கொடுத்த வெப்பத்திலிருந்து வாயு செய்த வேலையைக் கழித்தால் வருவது. வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளினால் அது வேலை செய்கிறது, உள்ளே இருப்பது குறைகிறது. நாம் பிஸ்டனை அழுத்தினால் வேலை நம்முடையது, உள்ளே இருப்பது கூடுகிறது. ஆக, வாயு என்ற வீட்டுக்கு இரண்டு வாசல். ஒன்றில் வெப்பம் வரும், மற்றதில் வேலை வரும். வேகமாக அழுத்தும்போது வெப்பம் வெளியேற நேரம் இருக்காது. வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. நெருப்பே இல்லாமல் சூடு.

நல்லியல்பு வாயு என்றால் என்ன என்றும் சொல்ல வேண்டியிருந்தது. அதன் மூலக்கூறுகளுக்கு இடையில் ஈர்ப்பு இல்லை, வெறுப்பு இல்லை. மோதும், விலகும், போய்க்கொண்டே இருக்கும். ஒன்று எங்கே போயிற்று என்று இன்னொன்று விசாரிப்பதில்லை. ஒன்றின் முதுகை இன்னொன்று தொட்டுப் பார்ப்பதில்லை. அப்படி ஒரு வாயு உலகத்தில் எங்கும் கிடையாது என்பதையும் பாடப்புத்தகமே சொல்லிவிடுகிறது. எங்கள் தெருவில் நிச்சயம் கிடையாது.

பிறகு, எத்தனையோ வருடமாக நான் நின்று யோசிக்காமல் சொல்லிக்கொண்டு போகும் வாக்கியம் வந்தது. நல்லியல்பு வாயுவின் அக ஆற்றல் அதன் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. எந்த வழியாக அந்த வெப்பநிலைக்கு வந்தது என்பதைப் பொறுத்தது இல்லை. வெயிலில் வைத்துச் சூடாக்கினாலும் சரி, அழுத்திச் சூடாக்கினாலும் சரி, ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டால் உள்ளே இருப்பது ஒன்றுதான். சூட்டைப் பார்த்து வந்த வழியைச் சொல்ல முடியாது.

சாக்பீஸ் பலகையில் அப்படியே நின்றுவிட்டது. பாவி மனுஷன். முதல் விதிக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

பம்பு பெஞ்சுகளைச் சுற்றி என்னிடம் திரும்பி வந்தது. வாங்கும்போது கைப்பிடிப் பக்கம் பிடித்தேன், குளிர்ச்சி. கீழே, குழாய் கிளம்பும் இடத்தில் பிடித்தேன், இன்னும் இளஞ்சூடு. காற்று நசுங்குவது அந்த அடிப்பக்கத்தில்தான். உள்ளே இருக்கும் வாஷர் உரசுவதும் கொஞ்சம் சேரும். காற்றுக்கு நினைவில்லை, சரி. காற்றைப் பிடித்து வைத்திருந்த இரும்புக்கு மேல் உண்டு, கீழ் உண்டு.

நேற்று எனக்குச் சுட்டது அடிப்பக்கம். ஜன்னல் வெயில் அடிப்பது கைப்பிடிப் பக்கம். தரைக்கு அது இறங்குவதே இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், சாட்சியைப் பிடித்திருப்பதுபோல. வயல்கள் ஓடின. லாரிகள் ஓடின. மனசு அவற்றுக்கு முன்னால் ஓடியது. பைக் சாவியைப் பிடுங்கினோம், சைக்கிளுக்குப் போய்விட்டார். படிக்குப் பக்கத்தில் காற்றிறங்கிக் கிடக்கும் அந்தப் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்திருக்கிறார். அடித்து, ஏறி, பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பார், தன் பஸ் தன்னை விட்டுவிட்டுப் போவதைப் பார்க்க. டாக்டர் சொன்ன அத்தனையையும் ஒரே பிற்பகலில் மீறிவிட்டு வந்து, வெயில் டீச்சரு என்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளிடம் போனேன். இரண்டு டயரும் கல் மாதிரி இருந்தன. ஆனால் பின்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை, கிழியாமல், அசையாமல். பெடலில் தூசி விரல் படாமல் கிடந்தது.

காற்றடித்திருக்கிறார். ஓட்டவில்லை.

இது எனக்கு இன்னும் மோசமாகப் பட்டது. உயிரைக் கொடுத்துக் காற்றடிப்பவர் ஏன் ஓட்டாமல் வைக்கிறார்? நாளைக்கு ஓட்டவா? யாருக்காகவாவது அடித்து வைத்திருக்கிறாரா?

"சைக்கிளுக்குக் காத்து யாரு அடிச்சது?"

"ஓ, அதுவா." டிவியை நிறுத்தினார். "நான்தான் அடிச்சேன். இப்ப இன்னா அதுக்கு?"

நேற்று வெயில் என்றவர் இன்று மறு கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்கிறார். அதுவும் மார்பைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு. இப்படிச் சுலபமாக விழும் மனிதர் இல்லை அவர்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு. ரெண்டு டயருக்கும் ஜல்தியா அடிச்சுப் போட்டேன். இந்தக் கையி இன்னா, காத்தாடியா?"

"வாங்க, இப்பவே கிளம்புங்க, காட்டிட்டு வரலாம்."

"நல்லாருக்கறவன ஆஸ்பத்திரிக்கு இட்னு போனா அவங்க சும்மா உடுவாங்களா? பேஜாரு பண்ணாத, போ."

அன்றைக்குக் கத்தியதில் எனக்குத்தான் தொண்டை கட்டியது. அவர் அசையவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் கண்ணை எடுக்கவில்லை. மாடியில் காயும் துணியை எடுத்துவரச் சொன்னால், "வெயில் தாழட்டும்" என்றார். வெயில் தாழ்ந்து, இருட்டுக்கு முன்பு போனார். போனவர் நடுப்படியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் போனால் போனைக் கவிழ்த்தார். திரை இருண்டிருந்ததையும் பார்த்தேன். யாருடன் பேச்சு? இன்னொன்றும் கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டம்மா.

அவள் வேர்க்கடலை, எங்கள் ஊரில் மல்லாட்டை, அவித்துத் தள்ளுவண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விற்பவள். புருஷன் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயில் பூசைக்குப் போவாள், கழுத்தில் மாதா படம். எங்களுக்கு நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். நான் வந்தால் கணீரென்று பேசுபவள் அந்த வாரம் என்னைக் கண்டதும் பேச்சை விழுங்கினாள். சுவரோரம் என் வீட்டுக்காரர் நிற்பார், அவள் நிற்பாள், நான் கதவைத் திறந்ததும் அவர் வானத்தைப் பார்ப்பார், அவள் சட்டியைப் பார்ப்பாள். அவித்த மல்லாட்டை வேறு கிண்ணம் கிண்ணமாக வந்தது, உப்புப் போடாமல். "அண்ணனுக்கு உப்பு ஆகாதுன்னு தனியா வேக வச்சேன்" என்றாள். என் வீட்டு ஆளுக்கு எது ஆகும் எது ஆகாது என்று என்னைத் தவிர இன்னொருத்தி கணக்கு வைத்திருக்கிறாள்.

மல்லாட்டையை உரித்து வாயில் போட்டேன். இனித்தது. அது இனித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை அவர் குளிக்கப் போனதும் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவள் வண்டிச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரப்பர் டயர் போட்ட வண்டி. காற்றுப் பிடிக்கும் டயர்.

"எங்க வூட்டுப் பம்ப நீ வாங்கினியா?"

"மாதா மேல சத்தியமா நான் வாங்கல டீச்சரக்கா."

"அப்புறம் ஏன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேன்ற?"

துடைத்த துணியை முறுக்கினாள். "நான் எங்க வாங்கினேன். உங்க வூட்ல வச்சிதான அடிச்சேன்."

"இன்னா அடிச்ச?"

"சைக்கிளுக்குத்தான். சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிக்கினாரு. கர்த்தர் என்ன மன்னிக்கணும்." நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அன்னிக்கு மத்தியானம் தொம்னு ஒரு சத்தம். இன்னாடான்னு எட்டிப் பாக்கறேன், பம்பு கீழ கெடக்குது, அண்ணன் படியில குந்திக்கினு நெஞ்ச இப்படிப் புடிச்சிக்கினு இருக்காரு. செவுத்த ஏறிக் குதிச்சு ஓடியாந்தேன். தண்ணி குடுத்தேன். ரெண்டு அழுத்துதான் அழுத்தினாராம். வேர்வைன்னா வேர்வை, அப்படி ஊத்துது. டீச்சரக்காவுக்கு போன் போடட்டான்னேன். 'போட்ட, அப்புறம் நான் உன்கூடப் பேச மாட்டேன்'னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, 'நீயே அடிச்சு உடும்மா, அவ வந்து பாத்தா டயரு நிக்கணும்'னாரு. நானும் அடிச்சு உட்டேன்."

"டயர் ஏன் நிக்கணும்?"

"நீங்க கேட்டா, நான்தான் அடிச்சேன்னு சொல்லணுமாம்."

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போனது. அவள் மறுபடி சக்கரத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

தலைக்குள் ஒவ்வொன்றாக இடம் மாறியது. பம்பைச் சூடாக்கிய கை அவருடையது இல்லை. வெயில் என்றதும் அதற்குத்தான், நானே கண்டுபிடித்ததைத்தான் நான் நம்புவேன் என்று அவருக்குத் தெரியும். நடுப்படியில் உட்கார்ந்தது போன் பார்க்க இல்லை. இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டு மூச்சு திரும்பக் காத்திருந்திருக்கிறார். செய்யக் கூடாததைச் செய்கிறார் என்று நான் வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ, செய்ய முடியாததைச் செய்ததாகக் காட்டிக்கொண்டிருந்தார். என் சந்தேகம் அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது. நான் திட்டத் திட்ட, அவர் திடமான ஆள். திட்டு கேட்கிற வரைக்கும் அவர் ரூட்டில் ஓடுகிற ஆள்.

வீட்டுக்குத் திரும்பும் அந்தப் பத்தடிக்குள் என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. தெரிந்துபோயிற்று என்று சொன்னால் அவர் கூனிப்போவார். கூனிப்போனவரை எந்த பஸ்ஸிலும் ஏற்ற முடியாது, பிடிவாதம் அவ்வளவு. சொல்லாவிட்டால் அந்த நெஞ்சு காத்திருக்காது.

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"சட்டையப் போடுங்க. டாக்டர்கிட்ட போறோம்."

"மறுபடியுமா?"

"அன்னிக்குப் பம்பு அடிச்சீங்கல்ல? ரெண்டு டயருக்கும்? அதை டாக்டர்கிட்ட நானே சொல்லணும். இவ்ளோ பலமா இருக்கற மனுஷன ஏன் இன்னும் வூட்டுல உக்கார வச்சிருக்கீங்கன்னு கேக்கணும். மெடிக்கல் டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுங்கன்னு கேக்கணும்."

சந்தேகமாகப் பார்த்தார். இப்போது சந்தேகப்படுவது அவர் முறை. என் முகத்தையே பார்த்தார், சில்லறை எண்ணிக் கொடுத்தவனின் முகத்தைப் பார்ப்பதுபோல. நானும் கண்ணை எடுக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் இருப்பது திண்டிவனத்தில். அவருடைய ரூட்டிலேயே, அவர் பயணியாக உட்கார்ந்து போனோம். கண்டக்டர் இளவயசுக்காரர். "இன்னாண்ணே, ஸ்டாஃபா டிக்கெட்டா?" என்று கேட்டுவிட்டுத் தோளைத் தட்டிப்போனார். விக்கிரவாண்டி வரை என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அவருடைய மூச்சைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

டாக்டரின் அறையில் ஜன்னல் இல்லை.

"சைக்கிளுக்குப் பம்பு அடிச்சாரு டாக்டர். சொல்லச் சொல்லக் கேக்காம. ரெண்டு டயருக்கும்."

டாக்டர் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார். "அப்படியா? அடிக்கும்போது எப்படி இருந்துச்சு?"

என் வீட்டுக்காரர் ஜன்னலைத் தேடினார். சுவரில் காலண்டர் இருந்தது, அதைப் பார்த்தார். மேஜையில் இருந்த கண்ணாடிப் பந்தைப் பார்த்தார். பிறகு பார்க்க ஒன்றும் இல்லை.

"ரெண்டு அழுத்துதான் சார்," என்றார். "மீதி பக்கத்து வூட்டம்மா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சரியப்பட்டதுபோல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டுமென்று வரும் வழியெல்லாம் நினைத்திருந்தேன், முடியவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒயர் ஒட்டினார்கள், தாளில் கோடு ஓடியது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அன்றே புதுச்சேரிக்கு ஆம்புலன்சில் அனுப்பினார். முன்பு ஸ்டென்ட் வைக்காமல் விட்டிருந்த இடத்தில் இன்னொரு அடைப்பு. "இன்னும் தள்ளிப்போட்டிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டு இருப்பேன்" என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார். இன்னொரு ஸ்டென்ட். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தபோது என் கைகளுக்குத் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. எல்லாம் ஏசி போட்டுக் குளிர்ந்து கிடந்தது. அந்தக் குளிரையும் நான் நம்பவில்லை.

ரூட்டா நாற்காலியா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றுதான் சொல்லியனுப்பினார்கள். அதைக் கேட்டு அவர் கூனிப்போகவில்லை. "பிறகுன்னு சொன்னாங்கல்ல, இல்லன்னு சொல்லலியே" என்றார்.

வீடு திரும்ப வாடகைக் கார் பிடிக்கலாம் என்றேன். முடியாது என்றுவிட்டார். காலியாக வந்த ஒரு விழுப்புரம் பஸ்ஸில், முன்சீட்டில், இரண்டு பேரும் உட்கார்ந்து வந்தோம். எனக்கு ஜன்னல் ஓரம். கோலியனூர் நெருங்கும்போது அவர் தொண்டையைச் செருமினார்.

"நான் அடிக்கலன்னு உனக்கு முன்னாடியே தெரியும்தான?"

வெளியே கரும்பு நின்றது. அடுத்து நெல். அடுத்து ஒரு கல்யாண மண்டபம்.

"டீச்சரு."

கல்யாண மண்டபம் முடிந்து மறுபடி கரும்பு.

"ஜன்னல்ல அப்படி இன்னா தெரியுது? டிக்கெட் எடுத்தியா நீ?"

நான் திரும்பவில்லை. மடியில் கிடந்த என் கையை எடுத்து, திருப்பி, உள்ளங்கையில் தன் கையை வைத்துப் பார்த்தார். நான் வீட்டு டிவியையும் மிக்சியையும் தொட்டுப் பார்த்த அதே மாதிரி.

"சுடுதே," என்றார்.

"வெயில்," என்றேன்.